உண்ணும் உணவுக்குக் காவல் யார்?

'உணவே மருந்து, மருந்தே உணவு' என்பது எம் முன்னோர் வாக்கு. திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஆயினும் அந்த அதிகாரத்தில் மூலிகையின் பெயரோ குளிகையின் பெயரோ ஒன்றுதானும் இல்லை. முன்னர் உண்டது செரித்ததா என்பதை அறிந்து, உடலுக்கு ஒத்ததைத் தேர்ந்து, அளவோடு உண்ண வேண்டும் என்பதையே அவர் பெரிதும் வலியுறுத்துகிறார். உணவைப் பற்றிய பொறுப்பை உண்பவரிடமே அவர் ஒப்படைக்கிறார் எனலாம்.

தன் வயலில் விளைந்த நெல்லையும், தன் வளவில் காய்த்த கத்தரிக்காயையும், தன் வீட்டுப் பசுவின் பாலையும் உண்டு வாழ்ந்தவருக்கு இந்த அறிவுரை போதுமானதாக இருந்திருக்கும். நாம் வாழும் இந்தப் பிரித்தானியாவிலோ நிலைமை வேறு. எமது சமையலறையில் உள்ள அரிசி ஒரு நாட்டிலிருந்தும், பருப்பு மற்றொரு நாட்டிலிருந்தும், மிளகாய்த் தூள் இன்னொரு நாட்டிலிருந்தும் வருகின்றன. விதைத்தவர், அறுத்தவர், அரைத்தவர், பொதி செய்தவர், கப்பலேற்றியவர், களஞ்சியத்தில் வைத்தவர், கடையில் விற்றவர் எனப் பலரின் கைகளைக் கடந்தே ஒரு பிடி உணவு எமது வாயை அடைகிறது. அவர்களுள் ஒருவரையேனும் நாம் அறியோம். எவ்வளவுதான் அளவறிந்து உண்டாலும், உண்பதில் என்ன கலந்துள்ளது என்பதை எம் கண்ணால் அறிய முடியாது.

அவ்வாறாயின், நாம் உண்ணும் உணவுக்குக் காவல் யார்? இக்கேள்விக்கு விடை காண இந்நாடு ஏறத்தாழ 200 ஆண்டுகள் முயன்று வந்துள்ளது. அந்த வரலாற்றை எமது மாணவச் செல்வங்களும் பெற்றோரும் அறிந்துகொள்வது நன்று.

ஒரு பாற்கட்டியின் கதை

பிறெட்றிக் அக்கம் என்பவர் இலண்டனில் வாழ்ந்த ஜேர்மானிய இரசாயன அறிஞர். 1820ஆம் ஆண்டில் அவர் உணவுக் கலப்படம் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். ஊறுகாய்க்குப் பச்சை நிறம் ஊட்டச் செம்பின் உப்பு, பாணை வெண்மையாக்கப் படிகாரம், தேயிலையோடு வேலியோரப் புதரின் இலை எனப் பல மோசடிகளை அவர் சோதனை மூலம் எடுத்துக்காட்டினார். அந்நூலில் அவர் கூறும் ஒரு நிகழ்ச்சி இன்றும் சிந்திக்கத்தக்கது.

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் உள்ள ஒரு நகரில் தங்கியிருந்த ஒருவர், சுட்ட பாற்கட்டியை உண்ட பின்னர் கடும் வயிற்று வலியால் துடித்தார். பாற்கட்டியை ஆராய்ந்தபோது அதில் ஈயச் செந்தூரம் இருந்தது தெரியவந்தது. ஈயச் செந்தூரம் கொடிய நஞ்சாகும். அது பாற்கட்டியினுள் வந்தது எவ்வாறு? பாற்கட்டி செய்தவர் மஞ்சள் நிறம் வேண்டி அனற்றோ என்னும் விதைச் சாயத்தைச் சேர்த்தார், அது நஞ்சற்றது. அச்சாயத்தை அவருக்கு விற்றவர், நிறம் மங்கலாக இருந்தமையால் அதில் சிறிது சாதிலிங்கத்தைக் கலந்தார். அந்தச் சாதிலிங்கத்தை விற்ற மருந்துக்கடைக்காரரோ, அது வீட்டுக்கு வர்ணம் பூசுவதற்கே வாங்கப்படுகிறது என எண்ணி, அதில் ஈயச் செந்தூரத்தைக் கலந்து வைத்திருந்தார்.

இந்தக் கதையில் கொலை செய்ய நினைத்தவர் எவரும் இல்லை. ஒவ்வொருவரும் தம் கையில் இருந்த பொருளைச் சற்று அழகாகவோ மலிவாகவோ ஆக்கினர். அதற்கு அப்பால் அது எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. சங்கிலியின் உள்ளே நிற்பவருக்கு அடுத்த ஒரு கண்ணி மட்டுமே தெரியும். முழுச் சங்கிலியையும் பார்ப்பதற்கு அதற்கு வெளியே நிற்கும் ஒருவர் வேண்டும். உணவுப் பாதுகாப்பு என்னும் துறை முழுவதும் இந்த ஓர் உண்மையின் மேல் எழுந்ததே ஆகும்.

அக்கம் தமது நூலில், கலப்படக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட வணிகர்களின் பெயர்களையும் அச்சிட்டார். பகை வளர்ந்தது. ஒரு நூலகத்தின் புத்தகங்களிலிருந்து தாள்களைக் கிழித்தார் என்ற குற்றச்சாட்டு அவர்மீது எழுந்தபோது, அவருக்காகப் பேசுவோர் குறைந்தனர். 1821இல் அவர் இந்நாட்டை விட்டுச் சென்றார். கலப்படமோ தொடர்ந்தது.

உருப்பெருக்கியும் பெயர்ப் பட்டியலும்

அதன்பின் 30 ஆண்டுகள் கழிந்தன. கோப்பித் தூளில் சிக்கரி என்னும் வேரின் தூளைக் கலப்பது அக்காலத்தில் பெருவழக்காக இருந்தது. அக்கலப்பை இரசாயன முறையாற் கண்டுபிடிக்க இயலாது என்று நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் கூறினார். ஆர்தர் ஹில் ஹசல் என்னும் மருத்துவர் கோப்பித் தூளை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். கோப்பிக் கொட்டையின் கலங்கள் ஒரு வடிவம், சிக்கரி வேரின் கலங்கள் வேறொரு வடிவம். இயலாது எனப்பட்டது எளிதாக இயன்றது.

'லான்செற்' என்னும் மருத்துவ இதழின் ஆசிரியர் தோமஸ் வேக்லி, ஹசலைக் கொண்டு 1851 முதல் 1854 வரை தொடர் ஆய்வொன்றை நடத்துவித்தார். இலண்டன் கடைகளில் வாங்கிய 2,000க்கு மேற்பட்ட உணவு மாதிரிகள் சோதிக்கப்பட்டன. பாணில் படிகாரமும், இனிப்புகளில் நச்சுச் சாயங்களும், மிளகாய்த் தூளில் ஈயச் செந்தூரமும் காணப்பட்டன. நாம் விரும்பி உண்ணும் கறித்தூளும் இதற்குத் தப்பவில்லை.

ஹசலின் ஆய்வில் இரு சிறப்புகள் உண்டு. கலப்படம் செய்தவரின் பெயரும் முகவரியும் வெளியாயின என்பது ஒன்று. நல்ல பொருள் விற்றவரின் பெயரும் முகவரியும் அவ்வாறே வெளியாயின என்பது மற்றொன்று. நேர்மையான வணிகருக்கு அந்தப் பட்டியல் நற்சான்றாயிற்று. காவல் என்பது வணிகருக்குப் பகையன்று. கலப்படம் செய்பவர் மலிவாக விற்கும் சந்தையில், நேர்மையாளரால் நிலைத்து நிற்க முடியாது. ஆகவே, நல்ல காவல் உண்பவரைக் காப்பதுடன் நல்ல வணிகரையும் காக்கிறது.

பிராட்போட் நகரத்து இனிப்பு

சான்றுகள் குவிந்தும் சட்டம் வரவில்லை. 1858ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், பிராட்போட் நகரச் சந்தையில் ஒருவர் பெப்பமின்ற் இனிப்புகளை விற்றார். அக்காலத்தில் சீனி விலை மிக்கது. எனவே, இனிப்புச் செய்வோர் சீனியின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சுவருக்குப் பூசும் வெண்சாந்துத் தூள் போன்றவற்றைச் சேர்ப்பது வழக்கமாயிருந்தது. இம்முறை அத்தூளை வாங்கச் சென்றபோது, மருந்துக் கடையின் உதவியாளர் தவறான பீப்பாயைத் திறந்து 12 இறாத்தல் வெள்ளைப் பாஷாணத்தை நிறுத்துக் கொடுத்துவிட்டார். இரண்டும் வெள்ளைத் தூளே. ஏறத்தாழ 20 பேர் உயிரிழந்தனர். 200 பேருக்கு மேல் நோயுற்றனர். இறந்தவர்களுள் குழந்தைகளும் இருந்தனர்.

வழக்குத் தொடரப்பட்டது, எவரும் தண்டிக்கப்படவில்லை. தவறான பீப்பாயைத் திறந்தது கவனக்குறைவு. இனிப்பில் சாந்துத் தூளைக் கலப்பதோ அன்றைய சட்டப்படி குற்றமாகவே இருக்கவில்லை. நாட்டில் எழுந்த கொதிப்பின் விளைவாக 1860இல் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் பிறந்தது. ஆனால் உணவைச் சோதிக்கும் பகுப்பாய்வாளர்களை உள்ளூராட்சி மன்றங்கள் நியமிக்கலாம் என்று மட்டுமே அது கூறியது. நியமிக்க வேண்டும் என்று கூறவில்லை. மிகச் சில மன்றங்களே நியமித்தன. காவலாளி இல்லாத சட்டம் பூட்டில்லாத கதவு போன்றது. 1872இலும் 1875இலும் வந்த சட்டங்களே அக்குறையைப் பெருமளவு நீக்கின.

வாங்குபவர் எதனைக் கேட்டாரோ, அதன் இயல்பும் உட்பொருளும் தரமும் உடையதையே அவருக்கு விற்க வேண்டும் என 1875ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அந்த விதி 1990ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. நல்லெண்ணெய் என்று கேட்டு வாங்கிய போத்தலில் வேறு எண்ணெய் இருக்குமாயின், அது உடலுக்குத் தீங்கு செய்யாவிடினும் குற்றமே.

அறிந்தும் தாமதித்த பால்

நஞ்சு எப்போதும் மனிதர் கலப்பதால் மட்டும் வருவதில்லை. காசநோய்க் கிருமியை 1882இல் கண்டறிந்தவர் றொபேட் கொக் என்னும் பேரறிஞர். அவரே 1901இல் இலண்டனில் நடைபெற்ற ஒரு மாநாட்டில், பசுக்களின் காசநோயால் மனிதருக்குப் பெரும் ஆபத்து இல்லை என்று கூறினார். அக்கருத்தை ஆராய ஓர் அரச ஆணைக்குழு அமைக்கப்பட்டது. நோயுற்ற பசுவின் பாலால் மனிதருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, காசநோய் வரும் என 1911இல் அது முடிவு கூறியது. எவ்வளவு பெரிய அறிஞரின் சொல்லாயினும் சோதித்தே ஏற்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

தீர்வும் தெரிந்தே இருந்தது. பாலை 72 பாகை செல்சியசில் 15 விநாடி சூடாக்கினால் அக்கிருமி அழிந்துவிடும். ஆயினும் செலவு கூடும் என்றனர் சிலர். சுவை கெடும் என்றனர் வேறு சிலர். சிறு பாற்பண்ணைகள் அழிந்துவிடும் என்றனர் இன்னும் சிலர். பால் மூலம் வந்த காசநோயால் 1912 முதல் 1937 வரை இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 65,000 பேர் இறந்தனர் என்பது ஒரு கணிப்பு. சூடாக்கிய பாலையே விற்க வேண்டும் எனப் பகுதி பகுதியாகக் கட்டாயமாக்கும் சட்டம் 1949இலேயே வந்தது. அறிவியல் தன் விடையைக் கூறியதற்கும் ஆட்சி அதனைச் செயற்படுத்தியதற்கும் இடையே 38 ஆண்டுகள் கழிந்தன. இறந்தவர்களுட் பலர் அந்த இடைவெளியில் இறந்தவர்களே.

விற்பவரே காவலாளியானால்

1988 டிசம்பரில் சுகாதாரத் துறையின் இளநிலை அமைச்சராயிருந்த எட்வினா கறி அம்மையார், இந்நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சல்மனெல்லாக் கிருமியாற் பாதிக்கப்பட்டுள்ளது எனக் கூறினார். முட்டை விற்பனை சரிந்தது. இரு வாரங்களுள் அவர் பதவி விலக நேர்ந்தது. 'பெரும்பகுதி' என்றது மிகைக் கூற்றே. எனினும் முட்டையில் கிருமி இருந்தது பொய்யன்று. பின்னர் கோழிகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. 1998 முதல் சிங்க முத்திரை பொறித்த முட்டைகள் விற்பனைக்கு வந்தன. நோய் பெருமளவு குறைந்தது. 2017இல், சிங்க முத்திரையுள்ள முட்டைகளைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியோரும் அரைவேக்காடாகவும் உண்ணலாம் என அரசின் அறிவுரையே மாற்றப்பட்டது. குறையை மறைக்காது ஏற்றுத் திருத்தியதன் பயன் இது.

ஆனால் மாடுகளின் கதை அவ்வாறு முடியவில்லை. மூளை பஞ்சு போலாகி மாடுகள் தள்ளாடி விழும் புதியதொரு நோய் 1986 நவம்பரில் அடையாளம் காணப்பட்டது. மக்கள் அதனைப் 'பித்துமாட்டு நோய்' என்றனர். இறந்த விலங்குகளின் இறைச்சியையும் எலும்பையும் தூளாக்கி, புல் தின்னும் மாட்டுக்குத் தீனியாகக் கொடுத்தமையே அது பரவியதற்குக் காரணம். அத்தீனி 1988இல் தடை செய்யப்பட்டது. மாட்டிறைச்சி மனிதருக்குப் பாதுகாப்பானது என அரசு மீண்டும் மீண்டும் உறுதி கூறியது. 1990இல் விவசாய அமைச்சர் தொலைக்காட்சிக் கமராக்களின் முன்னே தம் சிறிய மகளுக்கு மாட்டிறைச்சி பேகரை நீட்டினார்.

1996 மார்ச் 20ஆம் திகதி சுகாதார அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து, இளவயதினர் பத்துப் பேருக்கு ஏற்பட்ட மூளை நோய்க்கும் மாட்டின் நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என அறிவித்தார். இன்றுவரை இந்நாட்டில் அந்நோயால் 178 பேர் இறந்துள்ளனர். 180,000க்கு மேற்பட்ட மாடுகளில் நோய் உறுதி செய்யப்பட்டது. நோயைக் கட்டுப்படுத்துவதற்காக நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மாடுகள் கொல்லப்பட்டன. மாட்டிறைச்சி உண்ணாத குடும்பங்கள் எம்மிடையே பல உள்ளன. ஆயினும் இதனைப் பிறர் கதை என்று தள்ளிவிட முடியாது. இன்று மாட்டில் நடந்தது நாளை மரக்கறியிலும் மாவிலும் நடக்கலாம்.

பிலிப்ஸ் பிரபு தலைமையிலான விசாரணைக் குழு 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் அறிக்கை வெளியிட்டது. அரசு மக்களிடம் பொய் கூறவில்லை. ஆபத்து மிகச் சிறிது என அது நம்பியது. ஆனால் மக்கள் பீதியடைந்துவிடுவர் என்னும் கவலையால் அமைதிப்படுத்தும் சொற்களையே பேசியது என்பது அவ்வறிக்கையின் சாரம். உண்மை வெளியானபோது மக்கள் தாம் ஏமாற்றப்பட்டதாகவே உணர்ந்தனர். ஒருமுறை இழந்த நம்பிக்கையை மீட்பது எளிதன்று.

இதன் வேர் எங்கே இருந்தது? விவசாயத்தையும் உணவு வணிகத்தையும் வளர்க்கும் கடமையும், உணவு பாதுகாப்பானதா எனப் பார்க்கும் கடமையும் அக்காலத்தில் ஒரே அமைச்சின் கையில் இருந்தன. விற்பனையை வளர்ப்பவரே குறையையும் அறிவிக்க வேண்டுமாயின், அவருடைய நாக்குத் தயங்கும். மனிதர் தீயவர் என்பது இதன் காரணமன்று. ஒருவர் இரண்டு எசமானருக்குத் தொண்டு செய்ய இயலாது என்பதே காரணம். ஆகவேதான் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அமைச்சர்களின் நேரடி ஆணைக்கு உட்படாத 'உணவுத் தர முகவரகம்' 2000 ஏப்ரல் 1ஆம் திகதி தொடங்கப்பட்டது. உண்பவரின் நலன் காப்பதே அதன் முதற் கடமை. தனது அறிவுரைகளைத் தானே மக்களுக்கு வெளியிடும் உரிமையும் அதற்கு உண்டு. ஸ்கொட்லாந்து 2015 முதல் தனக்கெனத் தனி அமைப்பைக் கொண்டுள்ளது.

மிளகாய்த் தூள் கற்பித்த பாடம்

புதிய முகவரகத்துக்கு வந்த பெருஞ்சோதனைகளுள் ஒன்று எமது சமையலறைக்கு மிக நெருங்கியது. சூடான் 1 என்பது மெழுகு, எண்ணெய் முதலியவற்றுக்கு நிறமூட்டும் செஞ்சாயம். புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்பதால் உணவில் அதற்கு இடமில்லை. இந்தியாவிலிருந்து வந்த மிளகாய்த் தூளில் அச்சாயம் இருப்பதை 2003இல் பிரெஞ்சு அதிகாரிகள் கண்டனர். அதன் பின்னர், சோதனைச் சான்றிதழ் இன்றி மிளகாய்த் தூளை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவர முடியாது என விதிக்கப்பட்டது.

எனினும் அதற்கு முன்னரே வந்து சேர்ந்த தூள் களஞ்சியங்களில் இருந்தது. அவ்வாறான தூள் கொண்டு செய்த வூஸ்ரர் சோசில் சூடான் 1 இருப்பது 2005 பெப்ரவரியில் வெளியாயிற்று. அந்தச் சோஸ் பல நிறுவனங்களின் சூப்பிலும், பிற சோஸ்களிலும், ஆயத்த உணவுகளிலும் சேர்க்கப்பட்டிருந்தது. 400க்கு மேற்பட்ட உணவுப் பொருட்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. பாற்கட்டியின் கதையை இங்கே நினைவு கூருங்கள். 1820இல் ஈயச் செந்தூரம் நுழைந்த அதே வழியாகவே, 2005இல் சூடான் சாயமும் நுழைந்தது. நிறத்தில் ஆசை, மலிவில் ஆசை, அடுத்த கண்ணியை மட்டும் பார்க்கும் பழக்கம் ஆகியவை மாறவில்லை. வேறுபாடு ஒன்றே. இம்முறை பார்ப்பதற்கு ஒருவர் இருந்தார். பொருட்களின் பெயர்ப் பட்டியல் உடனே வெளியிடப்பட்டது. எந்தப் பொருள் எந்தக் கடைக்குச் சென்றது என்னும் பதிவு இருந்தது.

இக்காவல் தானாக நிலைத்திருக்கும் என எண்ணுதலும் தவறு. உள்ளூராட்சி மன்றங்களில் உணவுப் பரிசோதகர்களின் தொகை குறைந்துள்ளதை முகவரகம் தன் அண்மைய அறிக்கைகளில் எடுத்துக்காட்டியுள்ளது. ஒன்றும் நிகழாத ஆண்டுகளில் காவலுக்குச் செலவிடும் பணம் வீண் போலத் தோன்றும். ஒன்றும் நிகழாமைக்கு அக்காவலே காரணம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

எமது சமையலறையும் எமது விழா மண்டபமும்

அரசு வாயிற்கதவு வரையிலேயே வரும். அதற்கு அப்பால் சங்கிலியின் கடைசிக் கண்ணி நாமே. எமது பழக்கங்கள் சிலவற்றை இங்கே எண்ணிப் பார்ப்பது பொருந்தும்.

முதலாவது, சோறு. அரிசியில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்திகள் கொதிநீரிலும் சாவதில்லை. சமைத்த சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் இருந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்நஞ்சு அழியாது. எனவே மிஞ்சிய சோற்றை அகன்ற பாத்திரத்தில் பரப்பி, ஒரு மணி நேரத்துள் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஒரு நாளைக்குள் உண்ண வேண்டும். ஒருமுறைக்கு மேற் சூடாக்குதல் ஆகாது.

இரண்டாவது, கோழி. இறைச்சியை மஞ்சளிட்டுப் பலமுறை கழுவுவது எமது தாய்மாரின் வழக்கம். ஆனால் குழாய் நீரின் கீழ் பச்சைக் கோழியைக் கழுவும்போது, அதிலுள்ள கம்பைலோபக்ரர் என்னும் கிருமி நீர்த்துளிகளுடன் தெறித்து, அருகிலுள்ள கோப்பையிலும் மரக்கறியிலும் படிகிறது. கிருமியைக் கொல்வது நன்றாக வேகவைத்தலே; கழுவுதல் அதனைப் பரப்பவே செய்யும்.

மூன்றாவது, பொதுநிகழ்ச்சி உணவு. 1996 நவம்பரில் ஸ்கொட்லாந்தின் விஷோ என்னும் ஊரில், தேவாலய மண்டபத்தில் முதியோருக்கு அன்போடு ஒரு மதிய விருந்து அளிக்கப்பட்டது. அவ்விருந்துக்கு இறைச்சி வந்த கடையில் பச்சை இறைச்சியும் சமைத்த இறைச்சியும் உரியவாறு பிரித்துக் கையாளப்படவில்லை. ஈகோலை 157 என்னும் கிருமி பரவி, அவ்வூரிலும் சுற்றுப்புறத்திலும் ஏறத்தாழ 20 பேர் இறந்தனர். 2005இல் தென் வேல்சில் பாடசாலை உணவு மூலம் அதே கிருமி பரவியது. 150 பேருக்கு மேல் நோயுற்றனர். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அங்கும் பச்சை இறைச்சிக்கும் சமைத்த இறைச்சிக்கும் ஒரே பொதிசெய் இயந்திரம் பயன்படுத்தப்பட்டிருந்தது. விருந்தின் பின்னால் உள்ள அன்பு கிருமிக்குத் தெரியாது.

நான்காவது, ஒவ்வாமை. 2016இல் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி, எள் கலந்திருப்பதை அறியாது கடையில் வாங்கிய பாணை உண்டு உயிரிழந்தாள். கடையிலேயே செய்து பொதியிடப்பட்ட உணவில் சேர்மானங்களை எழுத வேண்டும் என்ற கட்டாயம் அன்று இருக்கவில்லை. பெற்றோரின் இடையறாத முயற்சியால் 2021 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் அது கட்டாயமாயிற்று. அச்சிறுமியின் பெயரால் அது 'நட்டாசா சட்டம்' எனப்படுகிறது.

குறிப்பிட்டுக் காட்ட வேண்டியவை எனச் சட்டம் வகுத்த ஒவ்வாமைப் பொருட்கள் 14. அவற்றுள் எள், கடுகு, கச்சான், மரமுந்திரிகைப் பருப்பு முதலிய கொட்டைகள், பால், கோதுமை, முட்டை, மீன், இறால் என்பன அடங்கும். எமது சமையலை இப்பட்டியலுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். கறி தாளிக்கக் கடுகு, தோசைக்கு நல்லெண்ணெய், பொங்கலுக்கு முந்திரிகைப் பருப்பு, பலகாரத்துக்கு நெய், மிக்ஸ்சருக்குக் கச்சான். பாடசாலை விழாவுக்குப் பெற்றோர் மனமுவந்து சமைத்துக் கொண்டுவரும் தட்டுகளில் இவற்றின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா? சட்டம் கேட்டாலும் கேளாவிட்டாலும், ஒரு சிறு அட்டையில் சேர்மானங்களை எழுதித் தட்டின் முன் வைப்பது பெரிய வேலையன்று. மாணவர்கள் அதனைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதலாம். 'கடுகு' என்ற சொல்லை எழுதப் பழகும் பிள்ளை, அதே வேளையில் இன்னொரு பிள்ளையின் உயிருக்கும் காவலாகிறது.

ஐந்தாவது, கேட்கும் துணிவு. உணவுக் கடைகளின் சுத்தத்துக்கு 0 முதல் 5 வரை புள்ளி வழங்கும் முறை இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் நடைமுறையில் உள்ளது. வேல்சிலும் வட அயர்லாந்திலும் அப்புள்ளியை வாயிலில் ஒட்டுதல் கட்டாயம், இங்கிலாந்தில் கட்டாயமில்லை. ஒட்டியிராத கடையில் அதனைக் கேட்பது அவமதிப்பாகாது. 'எங்கள் ஆட்களின் கடை, எப்படிக் கேட்பது?' என்று நாம் தயங்குவதுண்டு. சுத்தமாகக் கடை நடத்தும் எம்மவர் அக்கேள்வியை மகிழ்வுடன் வரவேற்பார். ஹசல் வெளியிட்ட நல்ல வணிகரின் பட்டியலை இங்கே மீண்டும் நினைத்துக்கொள்ளலாம்.

காவலர் பலர்

உண்ணும் உணவுக்குக் காவல் யார் எனக் கேட்டோம். ஒருவர் அல்லர், பலர் என்பதே விடை. உருப்பெருக்கியில் பார்க்கும் அறிஞர், கடைக்குள் வந்து சோதிக்கும் சுகாதாரப் பரிசோதகர், சட்டம் இயற்றும் நாடாளுமன்றம், உண்மையைத் தயங்காது கூறும் முகவரகம், பெயரை அச்சிடும் இதழ், கேள்வி கேட்கும் தாய், கை கழுவிச் சமைக்கும் தந்தை ஆகிய அனைவரும் காவலரே. இவர்களுள் எவர் உறங்கினாலும் அந்த இடத்தில் வேலி திறந்துவிடுகிறது.

இந்நாட்டின் உணவுச் சட்டங்களுட் பல, யாரோ ஒரு பிள்ளையை இழந்த வீட்டின் கண்ணீரிலிருந்து பிறந்தவை. அடுத்த சட்டம் பிறப்பதற்கு அத்தகைய விலை வேண்டியதில்லை. எமது மாணவர்களுட் சிலர் நாளை இரசாயனப் பகுப்பாய்வாளராக, சுகாதாரப் பரிசோதகராக, கிருமியியல் அறிஞராக, சட்டம் இயற்றுபவராக வருவர் என நம்புகிறோம். அதற்கு முன்னோடியாக, இன்று எமது விழா மண்டபத்தில் பலகாரத் தட்டுகளின் முன் ஓர் அட்டையை எழுதி வைப்பதிலிருந்து தொடங்குவோம். விருந்தோம்பலிற் சிறந்தவர் எனப் பெயர் பெற்ற எம்மினத்துக்கு, விருந்தினரின் உயிரையும் நலத்தையும் ஓம்புவது புதிய பாடமன்று. அது பழைய அறத்தின் தொடர்ச்சியே ஆகும்.